மூலைக்குள் மூலை

மூளைக் காய்ச்சலில் பெயின்டர் பிழைத்ததே பெரிது. ஆனால் எழுந்து உட்கார்ந்த நாளிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. எந்த வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்தார் என்பது வரை பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. காலையில் பார்த்த ஆளைத்தான் மதியம் தெரியாது. ஏணியில் ஏறினால் எதற்கு ஏறினோம் என்று திகைத்து நின்றுவிடுவார். அதனால் தங்கை தன் சலவைக் கடைக்கே அவரை அழைத்து வந்துவிட்டாள்.

காய்ச்சலுக்குப் பிறகு கல்யாணம் ஆனவள் அவள். கடையில் அவள் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் பெயின்டர் கேட்பார், "சார் யாரு?"

"உங்க தங்கச்சி மாப்பிள்ளை, மச்சான்."

"பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எல்லாருக்கும் ஒரு தடவை, எனக்கு மட்டும் தினம் தினம் கல்யாணம்" என்று சிரித்தபடி மாப்பிள்ளை துணி மூட்டையைத் தூக்குவார்.

விடுதிகளிலிருந்து வரும் மெத்தை விரிப்புகளில் நாலு மூலையிலும் எலாஸ்டிக் இருக்கும். மடிக்கப் போனால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒரு மூலைக்குள் கையை விட்டு, அதன்மேல் அடுத்த மூலையைக் கவிழ்க்க வேண்டும். தங்கை செய்து காட்டினாள். முதல் நாள் காலை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, மதியம் சாப்பிட்டதும் மூட்டைமேலேயே தூங்கிப்போனார் பெயின்டர். விழித்தபோது முகம் வெளிறியிருந்தது.

"பாப்பா, கனவுல வெள்ளையா ஏதோ வந்துக்கிட்டே இருந்துச்சு. மூலைக்குள்ள மூலை. என்னது அது?"

"காலைல மடிச்சியே அண்ணா, அந்த விரிப்புதான்."

"நானா? நான் எங்க மடிச்சேன்?"

நாளாக நாளாக, "இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று வாய் சொல்லும்போதே கை மூலைக்குள் போனது, கவிழ்த்தது, உதறியது. விரிப்பு அட்டைபோலத் தட்டையாகக் கிடந்தது. அவர் பின்வாங்கினார். "இது என் கை இல்ல பாப்பா. யாரோ செய்றாங்க."

தங்கை டாக்டரிடம் ஓடினாள்.

"பகல்ல பழகினதை மூளை தூக்கத்துல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கும்மா. அதுலதான் நல்லாப் பதியும். எப்ப, எங்க, யாரோடங்கறதைச் சேத்து வைக்கிற இடம் இவருக்குப் பழுது. கை பழகுறதுக்கு வேற இடம். அது நல்லா இருக்கு."

"அப்ப அண்ணனுக்கு மடிக்கத் தெரியுமா, தெரியாதா டாக்டர்?"

"தெரியும். தெரியும்ங்கறதுதான் தெரியாது."

தலை சுற்றிப்போய்த் திரும்பியவள் அண்ணனுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிக் கேட்டார். "அடப்பாவமே, யாருக்கு இப்படி?"

"உனக்குத்தான் அண்ணா."

"எனக்கா!"

பயம் மட்டும் போகப்போகக் குறைந்தது. அப்படி ஒரு பயம் இருந்ததே அவருக்கு நினைவில்லை. இன்று கடையில் அவர் வேகத்துக்கு மடிக்க ஆளில்லை. விரிப்பு வாங்க வந்த விடுதி மேலாளர் ஒருநாள் அசந்துபோய், "எத்தனை வருஷப் பழக்கம்?" என்று கேட்டார்.

பெயின்டர் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "இப்பதான் சார் முதல் தடவை" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேலாளர் தங்கையைப் பார்த்தார். அவள் அடுத்த விரிப்பை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.