மாசானம் திருத்திய ஞ

போன வியாழக்கிழமை காலை, டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஏரலிலிருந்து போன் வந்தது. மாசானமுத்துவின் மனைவி லட்சுமி. "அண்ணே, அவுக போயிட்டாக" என்றாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். பிறகு, "போஸ்டர நீங்கதான் அடிக்கணும். வேற ஆளுட்ட குடுக்க மனசில்ல" என்றாள். சாவுச் செய்தியைவிட அதுதான் என்னைக் கலக்கியது. ஏன் என்பதை அவனை அறிந்தவர்களிடம் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

டவுணில் ஓர் அச்சகத்தில் மாசானமும் நானும் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்கள். இந்தப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் எல்லாம் நீங்கள் பார்க்கிற அந்தத் தடித்த எழுத்து, குச்சமோ கொக்கியோ இல்லாமல் ஒரே கனத்தில் மொழுக்கென்று நிற்கிற எழுத்து, அவன் வரைந்தது. பலருக்கு இது தெரியாது. தன் ஊர்ப் பெயரையே வைத்து அந்த ஃபாண்டை 'ஏரல்' என்பான். கடைகளில் அதற்குப் பெயர் 'கண்ணீர்'.

தமிழ் எழுத்தைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கிற வெள்ளை இடம் அடைபட்டுப் போகும். அந்த வெள்ளையை அவன் கண் என்பான். ஓர் எழுத்து முடிந்ததும் பெரிதாக அச்செடுத்து வாகையடி முக்கில் ஒரு சுவரில் ஒட்டுவான். பிறகு பஸ்ஸில் ஏறி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து அதை வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பான். என்னையும் இழுத்துக்கொண்டு போவான். 'ண'வுக்காக மட்டும் ஒரே நாளில் ஏழு முறை போய்வந்தோம். "யண்ணே, ரெண்டு பேரும் எங்கதான் போறிய?" என்று கண்டக்டர் கேட்டேவிட்டார். "எங்கனயும் போகல வே, வாசிச்சிக்கிட்டிருக்கோம்" என்றான் மாசானம். "எழுத்து எம்புட்டுத் தடிச்சாலும் கண்ணு அடையப்படாது வே. அடைஞ்சா அது எழுத்தில்ல, கறை" என்பது அவன் அடிக்கடி சொல்வது.

எல்லாம் முடிந்து 'ஞ' மட்டும் நின்றது. வளைவும் சுழியும் நெருக்கியடித்து நிற்கிற எழுத்து, அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்லாம் போய்விடுமே என்று, ஒரு பிரதியை என் பென் டிரைவில் போட்டு வைத்தான். "இன்னும் ஒரு மாசம். அதுவரைக்கும் யாருட்டயும் குடுத்துராதேயும்" என்றான்.

அந்த மாதம்தான் என் அப்பா இறந்தார்; ஒன்பது வருடம் ஆகிறது. ஃப்ளெக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தபோது அவர்களிடம் இருந்த எந்த எழுத்தும் அப்பா பெயருக்குப் போதாது என்று தோன்றியது. பென் டிரைவைச் சொருகினேன். 'அஞ்சலி'யில் 'ஞ' கண் அடைந்து கறுப்பாக நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழிக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் புன்னக்காயல் வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த எழுத்துதான், அந்த அடைந்த 'ஞ'வோடு.

கடைப் பலகைக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் என்றுதான் அவன் அதை வரைந்தான். ஒருநாள் டீக்கடைச் சுவரில் இருந்த போஸ்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எப்படி வே வெளிய போச்சு?" என்று கேட்டான்.

"உம்ம கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போச்சுல்லா, அங்கன எவனாவது எடுத்திருப்பான்" என்றேன்.

"இருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் புதிதாக ஓர் எழுத்தும் வரையவில்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று வந்ததை அடித்துக் கொடுத்தான். என்னோடு பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை. கோழையான எனக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மெயில் அனுப்பினான். "ஞ சரியாயிட்டு. வச்சுக்கிடும், தேவைப்படும்." கூசிப்போய், அதோடு வந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமைதான் திறந்தேன். போனில் விவரம் சொல்லியிருந்ததால், நான் போவதற்குள் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி அவன் போஸ்டரைப் பழைய எழுத்தில் அடித்து முடித்திருந்தான். மாற்றச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான சார் இருக்கு?" என்றான். "மாத்துலே!" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

ஏரலில் தெருமுனையிலிருந்தே போஸ்டரை வாசிக்க முடிந்தது. 'அஞ்சலி'யில் 'ஞ' கண் திறந்து நின்றது. மறுநாள் லட்சுமியிடம், "அந்த எழுத்த வெளிய விட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"அவுகளுக்குத் தெரியும்ணே. உங்க அப்பா போஸ்டர்லதான மொதமொதல்ல வந்துச்சு? துட்டி கேட்டுட்டு வந்த அன்னைக்கே சொன்னாக. அப்பன் செத்த வீட்டுல என்னத்தக் கேக்க, அவனே ஒருநாள் சொல்லுவாம்னாக."

அப்பாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவன் எங்கள் வீட்டு வாசலில் அந்தப் போஸ்டருக்கு எதிரே அசையாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் படத்தைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மெயிலும் அதிலுள்ள எழுத்தும்தான். அச்சகத்து நண்பர்கள் யார் கேட்டாலும் தருகிறேன். பழையதை அழித்துவிடுங்கள். அதன் பெயர் ஏரல், வரைந்தவன் மாசானமுத்து. ஒன்பது வருடம் அவன் என்னிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தையைத்தான். அவன் வாசிக்க முடியாத இடத்தில் இப்போது எழுதுகிறேன்.

குடுத்தது நான்தான் வே.