ரூட் மேப் போட்டேன், மேட்ச் ஓடியது

போன வாரம் அரவேணு பக்கம் ஒரு டீ பேக்டரிக்கு வேலையாகப் போயிருந்தேன். முதல் நாளே முதலாளி போஜனுக்கு போன் செய்து, நாளைக்கு வந்து ரூட் மேப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மனிதர் சற்று யோசித்தார்.

"அதெதுக்குங்க மேடம்? கோத்தகிரி ரோட்டுல யாரைக் கேட்டாலும் நம்ம பேக்டரியைக் காட்டுவாங்களே."

நெட்வொர்க் இன்ஜினியர் பிழைப்பு இப்படித்தான். நான் 'ஸ்விட்ச்' என்றால் எல்லோரும் சுவரில் லைட் ஸ்விட்சைப் பார்ப்பார்கள். நான் சொல்வது, நெட் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியை. இந்த ஒயரில் வருவது இந்த வழியாகப் போகட்டும், அந்த ஒயரில் வருவது அந்த வழியாகப் போகட்டும் என்று அந்தப் பெட்டிக்கு உத்தரவு எழுதி வைப்பதுதான் ரூட் மேப். சந்திப்பில் நிற்கும் டிராஃபிக் போலீஸ் செய்யும் வேலைதான்... விசில் மட்டும் கிடையாது.

போஜனிடம் இரண்டு நெட் லைன்கள். ஒன்று புதுசு, பறக்கும். இன்னொன்று பழசு – மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் அதுவும் படுத்துவிடும். டீத்தூள் ஏலம் இப்போதெல்லாம் ஆன்லைனில்தானே? சரியாக ஏல நேரத்தில் பேக்டரி ஆட்கள் ஓய்வறை டிவியில் கிரிக்கெட் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே லைனில் முட்டிக்கொள்ளும்.

விளையாட்டு விஷயமில்லை. டீ விலை விழுந்து கிடக்கிறது. போஜனின் சரக்கு பல வாரமாக விற்காமல் குடோனில் கூரை வரை மூட்டை. இந்த வாரமும் போகாவிட்டால் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுப்பதை நிறுத்த வேண்டியதுதான் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரூட் மேப்பைப் போட்டேன். ஏலக் கம்ப்யூட்டர் செருகியிருக்கும் இடத்துக்குப் புது லைன், மற்ற எல்லாவற்றுக்கும் பழைய லைன். குழப்பம் வரக் கூடாதே என்று ஸ்விட்சில் 'முக்கியம்', 'மற்றவை' என்று தமிழிலேயே எழுதி ஒட்டினேன். சோதித்தும் பார்த்தேன். அருமையாக ஓடியது. டீ குடிக்கப் போனோம்; வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால், ஏலத் திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போஜனுக்கு ஒரு பழக்கம். தன் சரக்கு ஏலத்துக்கு வரும் நேரத்தில் பதறிப்போய், குறைந்தபட்ச விலையை இன்னும் இறக்குங்கள் என்று ஏலம் விடும் புரோக்கருக்கு அதே கம்ப்யூட்டரிலிருந்து மெசேஜ் தட்டிவிடுவார். அன்றும் தட்டினார். போகவில்லை. மறுபடி தட்டினார். ஓய்வறையில் விசில் சத்தம் – யாரோ சிக்ஸர் அடித்திருக்கிறார்கள். அங்கே மட்டும் படம் எப்படிப் பளிங்கு மாதிரி ஓடுகிறது?

பேக்டரிக்குள் போன் சிக்னல் கிடையாது. போஜன் எழுந்து, தூறலில் கேட்டுக்கு ஓடினார். லேப்டாப்பை அணைத்தபடி பின்னால் நானும் ஓடினேன். எதற்கு ஓடினேன்? தெரியவில்லை. அவர் ஓடினார், ஓடினேன்.

புரோக்கருக்கு லைன் கிடைத்தது. போஜன் போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வித்துப் போச்சுங்களாம் மேடம். நான் முதல்ல போட்ட வெலைக்கே."

விலையை இறக்கும் மெசேஜ் போய்ச் சேரவில்லை. இறங்கும், இறங்கும் என்று காத்திருந்த யாரோ பொறுமையிழந்து வாங்கிவிட்டார்! இத்தனை நாள் போஜனின் சரக்கைச் சல்லிசாக்கித் தேங்கவைத்தது டீ மார்க்கெட் மட்டுமில்லை... போஜனும்தான்.

உள்ளே வந்து ஸ்விட்சைப் பார்த்தேன். ஒயர்கள் இடம் மாறியிருந்தன. 'முக்கியம்' என்ற இடத்தில் ஓய்வறை டிவி. பேக்டரியில் டீ பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் செபாஸ்டினைக் கேட்டேன். மறைக்கவே இல்லை.

"மேட்ச் நின்னு நின்னு வந்துச்சுங்க மேடம். இங்க வந்து பார்த்தா 'முக்கியம்'னு எழுதியிருந்துச்சு. கடைசி ஓவருங்க... மாத்திக் குத்திட்டேன்."

நான் திட்ட வாயெடுப்பதற்குள் போஜன் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, ஸ்கோர் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒயர்களைப் பழையபடி மாற்றினேன். கிளம்பும்போது போஜன் என்னைத் தனியாக அழைத்தார். குரலைத் தணித்தார்.

"ஏனுங்க மேடம், ஏலம் நடக்கற நேரத்துல மட்டும் நான் அனுப்பற மெசேஜ் எங்கயுமே போகாத மாதிரி ஒரு ரூட்டு போட முடியுங்களா?"

முடியும். வருவதையெல்லாம் வாங்கிக் குப்பையில் கொட்டும் வழி ஒன்று ஸ்விட்சிலேயே உண்டு. போட்டுக் கொடுத்தேன். நம் எல்லோர் போனிலும் அப்படி ஒரு வழி இருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகும் என்று மலை இறங்கும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆபீசில் ரிப்போர்ட் கேட்டார்கள். உண்மையைத்தான் எழுதினேன்: "நெட் வேலை செய்யவில்லை. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி."