தொடாமல் எடுத்த அளவு

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பிய தையல்காரர் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. நேரே கடைக்குப் போய், துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டார். ஊரையே படுக்கவைத்த காய்ச்சல் அவர் உடம்பை விட்டுப் போய்விட்டது, டாக்டரே சொல்லிவிட்டார். மனசை விட்டுப் போகணுமே! பக்கத்துக் கட்டில்காரர் கடைசியாக மூச்சுக்குத் தவித்த சத்தம், மெஷின் ஓடும்போதும் காதில் கேட்டது. தன் மூச்சு பட்டால் மகளுக்கும் அதே கதி என்று அடித்துச் சொன்னார்.

வாடிக்கைக்காரர்களை வாசலிலேயே நிறுத்திக் கண்ணாலேயே அளவு எடுத்தார்.

"என்னண்ணே, கை இவ்வளவு குட்டையா இருக்கு?" என்றார் சட்டை வாங்க வந்த வாட்ச்மேன்.

"மடிச்சு விட்டுக்க தம்பி. வெயிலுக்கு நல்லது."

சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எட்ட நின்னு பாத்துச் சொல்ல நீங்க டெய்லரா, ஜோசியரா? அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு பொண்ணு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மகளுக்குப் பள்ளிக்கூடக் கவுனையும் அப்படித்தான் தைத்தார், பழைய அளவு நினைப்பில். வளர்கிற பிள்ளை அப்பனுக்காகக் காத்திருக்குமா? அம்மா பட்டன் வாங்கப் போன நேரத்தில் மகள் கடைக்குள் வந்து, கவுனைத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். தலை வெளியே வரவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே சிக்கிக்கொண்டன.

"அப்பா! மூச்சு முட்டுது!"

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அம்மா வந்துவிடுவாள் என்று அங்கிருந்தே சொன்னார். துணிக்குள் அழுகை மெலிந்து இழுத்தது. அதே கட்டில், அதே சத்தம்.

மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தார். கத்தரியை ஓரமாக நுழைத்துத் தையலைச் சர்ரென்று கிழித்தார். வேர்த்துச் சிவந்த முகம் வெளியே வந்தது. வந்தவள் அவர் கழுத்தை விடுவேனா என்று கட்டிக்கொண்டாள். அவர் மூச்சை விடவில்லை. நெஞ்சு வலித்தது, கண் இருட்டியது. எவ்வளவு நேரம்தான் அடக்குவார் பாவம்? விட்டார். மகளின் தலைமுடி அசைந்தது.

அவள் தும்மக்கூட இல்லை.

மனைவி பட்டனோடு திரும்பியபோது, அளவு நாடா மகளின் தோளில் கிடந்தது. அதன் நுனியை அவர் விரல் பிடித்திருந்தது.

"நெளியாத. நேரா நில்லுடி!"

முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தார். இருக்கட்டுமே. கை தோளை விட்டு எடுபடவில்லை.