கமிக்குத் துணைக்கால் கிடையாது

சித்தப்பா ஜப்பானிலிருந்து பெண்டாட்டியோடு வந்து இறங்கியபோது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் பிளந்தேன், ஆனால் ஏமாற்றத்தில். விசிறியும் காகிதக் குடையுமாக வருவாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சித்தியோ மஞ்சள் சுடிதாரில் இறங்கி, ஆட்டோக்காரருக்கு இடுப்புவரை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பதறிப்போய் தானும் குனிந்தார்.

சித்தப்பா அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சொன்னார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஆறு மாதம் தம்பியோடு பேசவில்லை. அப்புறம் ஒருவழியாக இறங்கி வந்தார். அவள் ஞானஸ்நானம் எடுக்கட்டும், ஆலயத்தில் ஆசீர்வாதம் நடக்கட்டும், அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் பெண் என்றார். சித்தி தலையாட்டினாள். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னாளாம். அப்பாவுக்கு அதில் பரம திருப்தி. காலிப் பாத்திரம் என்றால் கழுவுகிற வேலை மிச்சம் அல்லவா?

சித்திக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சோறு, தண்ணி, போதும், வச்சது போதும் என்று அவசியமானவற்றில் தொடங்கினோம். இரண்டாம் நாள் அவள் பைக்குள் என்னவோ வைத்து மூடினாள். “காமி சித்தி, காமி” என்று கையை நீட்டினேன். காட்டு என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். சித்தி சட்டென்று நிமிர்ந்து, கைகளைச் சேர்த்துக்கொண்டு, அறையைச் சுற்றிலும் பார்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் ஊரில் ‘கமி’ என்றால் சாமி. நம் ‘காமி’யில் இருக்கிற துணைக்கால் அவர்களுடையதில் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். மலையில் ஒரு கமி, ஆற்றில் ஒரு கமி, வயசான மரத்தில் ஒரு கமி. மரத்துக்கு வைக்கோல் கயிறு கட்டி வெள்ளைக் காகிதம் மடித்துத் தொங்க விடுவார்களாம். வீடு கட்டுவதற்கு முன்னால் மண்ணிடம் அனுமதி கேட்பார்களாம். கோயில் வாசலில் சிவப்பாக ஒரு நிலை மட்டும் நிற்கும், கதவு இருக்காது. இத்தனையும் செய்துவிட்டு, என்ன மதம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்களாம்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “அப்போ பேயைக் கும்பிடுதாங்கன்னு சொல்லு.”

“பேய் இல்லண்ணே. ஒண்ணப் பாத்து நமக்கு மெய் சிலிர்க்குதுல்லா, அதுக்குள்ள இருக்கது.”

“ஞாயித்துக்கிழம ஞானஸ்நானத்தோட எல்லாம் போயிரும்” என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வேன் பிடித்துப் பாபநாசம் போனோம். ஆற்றில் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் முதல் கட்டளை. “படியத் தாண்டி கால வச்சே, கால ஒடிச்சிருவேன் பாத்துக்கோ” என்று என்னிடம் தனியாக வேறு சொன்னார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர்.

பெரியவர்கள் நிழலில் சமுக்காளம் விரித்துச் சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கினார்கள். நான் சித்தியை இழுத்துக்கொண்டு கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போனேன். மீன் காட்டுகிறேன் பேர்வழி என்று பாசி படிந்த கல்லில் காலை வைத்தேன். அடுத்த கணம் எனக்கு வானம் இல்லை. பச்சையாகத் தண்ணீர், காதுக்குள் பெரிய இரைச்சல். கத்த வாயைத் திறந்தால் ஆறு உள்ளே வருகிறது. செத்துப்போனேன் என்றே நினைத்தேன். அதைவிட, அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்றும் நினைத்தேன். அந்த நேரத்திலும் அது தோன்றியது இப்போது யோசித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

சடையில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. சித்தி சுடிதாரோடு குதித்து, என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். நான் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினேன். அவள் என்னை மடியில் கவிழ்த்து முதுகைத் தட்டினாள்.

மூச்சு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளுக்கு ஒரு பாடம் எடுத்ததுதான். “அப்பாட்ட சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

அவளுக்குப் புரியவில்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். “சொல்ல மாட்டேன். எங்க, சொல்லுங்க.”

“சொல்ல... மாட்டேன்.” அழுத்தம் திருத்தமாக மூன்று தடவை சொல்லிக் காட்டினாள். நல்ல மாணவி.

வெயிலில் சித்தியின் மெல்லிய சுடிதார் காய்ந்து, என் பாவாடை பாதி உலர்ந்ததும் திரும்பி நடந்தோம். வழியில் ஒரு பெரிய மருதமரம். அடியில் செங்கல் பீடம், சந்தனம் காய்ந்து கிடந்தது. கிளையில் சிவப்பு நூலும் மஞ்சள் துணியுமாகக் கட்டியிருந்தார்கள். சித்தி நின்றுவிட்டாள். ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போய்க் கையைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தின் முன்னால் நின்று இரண்டு தடவை குனிந்தாள். படார் படார் என்று இரண்டு தடவை கை தட்டினாள். கண்ணை மூடி வெகு நேரம் நின்றாள். மறுபடி ஒரு தடவை குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவள்! “என்ன பண்ணுதீங்க?” என்றேன்.

“கமி” என்றாள். மரத்தைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள். பிறகு என் ஈரத்தலையில் கையை வைத்தாள். மரத்திலிருந்து எதுவோ அவள் கை வழியாக எனக்குள் இறங்கிவிடும் என்று பயந்து நான் தலையை உருவிக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் கண் என் பாவாடையில் நின்றது.

“என்னட்டி, பாவாடை ஈரமா இருக்கு? ஆத்துல எறங்குனியோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பிக்க வேண்டும், எப்படியாவது தப்பிக்க வேண்டும். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“அப்பா, சித்தி மரத்தக் கும்பிட்டாங்க. செருப்பக் கழத்திட்டு, கை தட்டிக் கும்பிட்டாங்க.”

அப்பா கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார். அம்மா ‘ஏசுவே’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏலே, என்ன சொல்லுதா இவ? அவட்ட கேளு.”

சித்தப்பா முகம் வெளுத்துப்போய் அவள் மொழியில் கேட்டார். அவள் பதில் சொன்னாள். “நன்றி சொன்னாளாம்ணே.”

“எதுக்கு? என்ன நன்றி? இன்னும் மூணு நாள்ல கர்த்தருக்குள்ள வரப் போறவளுக்கு மரத்துட்ட என்ன நன்றி?”

சித்தப்பா அதையும் அவள் மொழியில் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்து, நான் கற்றுக்கொடுத்தபடி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தமிழிலேயே சொன்னாள்.

“சொல்ல மாட்டேன்.”

கன்னத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது அப்பாவுக்கு. எங்கள் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதுவும் வந்து பத்து நாள் ஆன ஒருத்தி. ‘வாக்கு குடுத்திருக்கேன்’, ‘மன்னிச்சுக்கோங்க’ என்று எதையாவது சேர்த்துச் சொல்ல நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

“திமிரப் பாத்தியாலே!” அப்பா எழுந்தேவிட்டார். சித்தப்பா அவளிடம் கெஞ்சினார், பிறகு கத்தினார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் போதும். அப்பா அவள் காலில் விழுந்திருப்பார்.

ஞானஸ்நானம் நின்றது. மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டோவில் ஏறும்போது சித்தி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை.

ஜப்பானிய பைபிளில் தேவனைக் குறிக்கவும் ‘கமி’ என்ற சொல்தான் இருக்கிறது என்பதைக் கல்லூரியில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்றதைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் சித்தப்பா வீடியோவில் பேசினார். பேச்சுவாக்கில் சொன்னார்: “அன்னைக்கு அந்த மரத்துட்ட எதுக்கு நன்றி சொன்னான்னு இன்னிவரைக்கும் எங்கிட்டகூட சொல்லல பாத்துக்கோ. கேட்டா, உன்னத்தான் கேக்கணும்னு சொல்லிச் சிரிக்கா.”

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என்னை ஆற்றிலிருந்து திருப்பிக் கொடுத்ததற்காக அவள் அந்த ஆற்றுக்கும் மரத்துக்கும் நன்றி சொல்லியிருக்கிறாள். எனக்குக் கொடுத்த வாக்கைப் புருஷனிடம்கூட உடைக்காமல் இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள்.

பாபநாசத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் எல்லோரும் முழங்காலில் நின்றோம். சித்தி அடுத்த அறையில் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ மனசுக்குள் சொல்லுங்கள் என்றார் அப்பா. நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மனம் உருகி, நன்றி சொன்னேன். என் ஈரப் பாவாடையைப் பற்றி அப்பா அப்புறம் ஒரு வார்த்தையும் கேட்காததற்கு.