நானே போட்ட நாற்பத்தைந்து நாள்

பதினெட்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் மனிதவள மேலாளராக இருந்து விலகியபின், தாம்பரம் அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை கற்பிக்கச் சேரவிருந்தேன். வெள்ளி மாலை ஐந்துக்குள் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரை, அதாவது பணிவிடுப்புக் கடிதத்தை, தராவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்கு. வியாழன் காலை 9.40க்கு என் பழைய மேசை முன் நின்றேன். இப்போது அங்கே இருப்பவள் கவிதா.

“லெட்டர் வர நாப்பத்தஞ்சு நாள் ஆகும் மேடம். ரூல் போட்டதே நீங்கதானே?”

“தெரியும்மா. ரெண்டு வேலையும் போயிடும், ஏதாவது பண்ணு!”

அழுதுவிட்டேன். இதே இடத்தில் அழுதவர்களை நான் “ப்ராசஸ்” என்ற ஒரே சொல்லில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கவிதா மேலதிகாரியிடம் மன்றாடினாள். மறுநாள் மாலை 4.10க்குக் கடிதம் கிடைத்தது, 4.52க்குப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன்.

இப்போது வகுப்பில் மாணவர்கள் பயிற்சிக்காக எழுதும் ஒவ்வொரு நிறுவன விதிக்கும் கீழே, அந்த விதியால் காத்திருக்கப் போகிறவராகத் தங்கள் பெயரையே எழுதச் சொல்கிறேன். பெயரை எழுதியதும், பலர் விதியில் போட்ட நாட்களைக் குறைத்துவிடுகிறார்கள்.