ஜம்புநாதன் வண்டிக்கு டிவி வாங்கிய கதை

பிஸ்கட்டவே என்கிற அமெரிக்க ஊரில் ஜம்புநாதனைத் தெரிந்தவர்களில், அவர் வாயால் ஒரு குறையாவது சொல்லிக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. மாத்திரைக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தேழு வருஷம் இருந்தவர். புட்டியில் லேபிள் மயிரிழை சாய்ந்திருந்தாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார். ரிடையர் ஆன பிறகு நிறுத்துவதற்குச் சரக்கு இல்லை. அதனால் வீட்டில் ஆரம்பித்தார். டிகாக்‌ஷன் தண்ணி, கொத்தமல்லி பெரிசு பெரிசு, டிஷ்வாஷரில் தட்டு திரும்பியிருக்கிறது. கோபக்காரர் என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க வராது, அவ்வளவுதான்.

ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: பழைய ஆர்வி. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. மனைவி ஷ்யாமளாவைக் கூட்டிக்கொண்டு இந்தத் தேசம் முழுக்கச் சுற்ற வேண்டும். மே மாதம் முதல் பயணமாகப் போகோனோ மலைக்குப் போனார்கள். போன அன்றைக்கே வண்டியிலிருந்த டிவி உயிரை விட்டது. மூன்று நாள் விடாத மழை. உள்ளே இரண்டு பேரும் எதிரெதிரே. வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் ஷ்யாமளா சொன்னாள்:

"ஏன்னா, டிவி இல்லாம இனிமே நான் அந்த டப்பாக்குள்ள ஏற மாட்டேன்."

இப்போது ஆகஸ்ட். மெய்ன் மாநிலக் கடற்கரையில், வண்டியை நிறுத்தித் தங்க ஒரு வாரத்துக்கு கேம்ப்சைட் ரிசர்வ் ஆகியிருக்கிறது. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். டிவி இருந்தால் அவள் வருவாள், இல்லாவிட்டால் மாட்டாள். ஜம்புநாதனுக்குத் தனியாகப் போக மனசே இல்லை. இதை அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதும் இல்லை.

டிவி வாங்குவது என்ன பிரம்ம வித்தையா என்று கேட்பீர்கள். இறங்கிப் பார்த்தால் தெரியும். அந்த கேம்ப்சைட்டில் கரன்ட் கிடையாது, ஆகவே வண்டியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு மேலே அலமாரியில் பழைய டிவி இருந்த பொந்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஷ்யாமளா உட்காரும் இடம் பக்கவாட்டில், அங்கிருந்து பார்த்தால் படம் கறுத்துப் போகக்கூடாது. ஜம்புநாதன் எக்செல்லில் பத்தொன்பது டிவிகளை வரிசை கட்டி மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். நண்பர் சுவாமிநாதனுக்கு போன் போட்டது இன்னொரு தப்பு.

"எதுக்குடா இவ்ளோ யோசிக்கறே? அறுபத்தஞ்சு இன்ச்சுல சூப்பர் டீல் வந்திருக்கு, ஆர்டர் பண்ணிடு."

"ஆர்வி உள்ள வைக்கணும்டா!"

"அப்ப ரெண்டு சீட்டைக் கழட்டிடு."

ஜம்புநாதன் போனை வைத்துவிட்டார்.

முதலில் வாங்கியது வீட்டுக் கரன்ட்டில் மட்டும் ஓடும் டிவி. பெட்டியின் அடியில் எறும்பு சைஸில் போட்டிருந்தான். கடையில் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு ஆர்டர் கொடுக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பொந்தின் அகலத்தை அளந்தார். இருபத்திரண்டரை இன்ச். டிவி இருபத்திரண்டு. துவைத்த போர்வையை வைக்க வந்த ஷ்யாமளா நின்று பார்த்தாள்.

"சட்டத்தைச் சேர்த்துன்னா அளக்கறேள்? உள்பக்கம் மெஷர் பண்ணேளா?"

"இருபத்தேழு வருஷமா எனக்கு அதான் வேலை. நீ போய் ரசத்தைப் பாரு."

செவ்வாய்க்கிழமை காலையில் டிவி வந்தது. அவர் கராஜுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்புவதற்குள் ஷ்யாமளா நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். கார், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, எது வந்தாலும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் தொடமாட்டார்கள். ஆர்வி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தவரே அவர்தான். அதனால் இதில் குற்றம் சொல்லவில்லை. வலது மேல் பொட்டு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனால், நுழையவில்லை. சாய்த்தார், தள்ளினார், மூச்சைப் பிடித்து அழுத்தினார். டேப்பை உள்ளே விட்டு அளந்தார். இருபத்தொன்றரை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

திருப்பிக் கொடுக்கக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பொட்டுகளை ஈரக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தாள். சந்தனம் போயிற்று. குங்குமம் ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குள் இறங்கிச் சிவப்பாக உட்கார்ந்துவிட்டது. இது என்ன என்று கேட்டாள். எங்கள் வழக்கம், ஆசீர்வாதம் மாதிரி என்று விளக்கினார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அப்படியானால் இது உங்களுக்கென்றே ஆசீர்வதிக்கப்பட்டுவிட்டது சார், நாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வரும்போது ஜம்புநாதன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஷ்யாமளா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பொட்டுக்கு என்ன அவசரம்? எல்லாம் உனக்காகத்தானே! நீ உக்கார்ற சைடுலேர்ந்து தெரியணுமேன்னு ஆங்கிள்கூட செக் பண்ணேன்!"

ஷ்யாமளா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கா? இந்த ஆத்துல டிவி பாக்கறது யாரு?"

கிரிக்கெட், நியூஸ், மறுபடி நியூஸ். எல்லாம் அவர்தான்.

"டிவி ஓடினா உங்க கண்ணு அதுல இருக்கும். போகோனோல மூணு நாளும் என் மேலயே இருந்தது. பெட்ஷீட்டை மடிச்சா தப்பு, காபி போட்டா தப்பு, கதவைச் சாத்தினா தப்பு. மழைல வெளில ஓடக்கூட முடியலை. முப்பத்தொம்பது. எண்ணிண்டே உக்காந்திருந்தேன்."

ஜம்புநாதன் நினைத்துப் பார்த்தார். அந்த முப்பத்தொன்பதில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

"தனியா போக எனக்குப் பிடிக்கலை, ஷ்யாமு," என்றார். "டிவி வேண்டாம். நான் வாயை மூடிண்டு வந்தா வருவியா?"

அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு டியூஸ்டே. தேர்ஸ்டேக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பாக்கறேன்."

பீன்ஸ் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் பலகையில் விழுந்தது. ஜம்புநாதன் வேறு பக்கம் பார்க்கத்தான் முயன்றார்.

"ஷ்யாமு, அந்த பீன்ஸை மட்டும் கொஞ்சம்..."

"ஒண்ணு," என்றாள் ஷ்யாமளா, நிமிராமலே.