மகளின் இடது பெருவிரல்

என் மகளுக்குத் தொழில் போக்கர் சீட்டாட்டம். நாடு நாடாகப் போட்டிகளுக்குப் போய்க் கடதாசி விளையாடுகிறாள். எல்லோருக்கும் ஒரே அளவு பந்தய வில்லைகள் கொடுத்து இருத்துவார்கள். வில்லை தீர்ந்தவர் எழும்பிப் போகவேண்டும். கடைசிவரை இருப்பவர் வென்றவர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் கிரின்ஸ்டெட் ஊரில் எங்கள் சனம் இதைச் சூது என்று வாய்க்குள் முணுமுணுக்கும். கோயிலில் ஒருத்தி என்னிடம் நேரே கேட்டாள், "மகள் இப்பவும் அதுதானோ?"

"ஓம். உன்ர மோன் மாதிரி லீவுக்குத் தலை சொறியிற வேலை இல்லை" என்றேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில், முந்நூற்று நாலு என்ற கடதாசி விளையாட்டில்தான் பொழுது போனது. எதிரே இருக்கும் மனுசன் கையில் என்ன கடதாசி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

போன வருஷம் முழுக்க மகளுக்குச் சரிவரவில்லை. ஒவ்வொரு போட்டியிலும் கடைசி மேசைவரை வருவாள், அங்கே விழுவாள். ஒருநாள் தன் வீட்டிலிருந்து கார் ஓடி வந்து என் குசினியில் இருந்தாள்.

"ஒடென்சேயில வாற கிழமை நடக்கிற போட்டியிலயும் இப்பிடியெண்டா விட்டிடுவன் அம்மா. வயோதிபர் இல்லத்தில வேலை கேட்டிருக்கிறன்."

"நான் இருபது வருஷம் செய்த வேலை. நல்ல வேலை. உனக்கு விருப்பமோ?"

"ஓம், விருப்பம்தான்."

அவளுடைய இடது கைப் பெருவிரல் மற்ற நாலு விரலுக்குள்ளும் போய் ஒளித்துக்கொண்டது. மூன்று வயதிலிருந்து அப்படித்தான். பொய் சொன்னால் அந்த விரல் உள்ளே போகும். படிப்பை விட்டதையும், கூட இருந்த பெடியன் விட்டுப் போனதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை. விரல்தான் சொன்னது.

"உன்ர விளையாட்டை எனக்கும் பழக்கு" என்றேன். வில்லைக்குப் பதில் காய்ந்த கடலை. ஆளுக்கு இரண்டு கடதாசி, நடுவில் ஐந்து. உதவாத கடதாசியை நல்லது மாதிரிக் காட்டி அவள் கடலையைத் தள்ளும்போதெல்லாம் விரல் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கடலை முழுவதும் என் பக்கம். திரும்பப் பங்கிட்டோம். திரும்பவும் என் பக்கம்.

அவள் கடதாசியைக் கீழே வைத்தாள். "அம்மா, என்னில எதையோ பாக்கிறீங்கள். அந்த மேசையில இருக்கிறவங்களும் அதைத்தான் பாக்கிறாங்கள். என்ன அது?"

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டேன். சொன்னால் அவள் திருத்திவிடுவாள், கெட்டிக்காரி. அதற்குப் பிறகு அவளுக்குள் என்ன நடக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? வாயால் சொல்லும் பிள்ளை இல்லையே. தண்ணீர் கொதித்து முடிந்தும் நான் திரும்பவில்லை.

"அம்மா?"

"பெருவிரல்" என்றேன். "இடது."

குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

ஒடென்சேயில் இரண்டாவதாக வந்தாள். வேலை கேட்ட இடத்துக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டாள். கோயிலில் அந்த மனுசிக்கு நானாகப் போய்ச் சொன்னேன்.

அடுத்த மாதம் வந்தபோது மகளின் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா. நித்திரை இல்லை."

கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் மேசையில் விரிந்து, ஆறுதலாகக் கிடந்தன. நித்திரைதானா, வேறு ஏதுமா, எனக்குப் பிடிபடவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்டப் போட்டு இருந்து, இரண்டாம் தரமும் கேட்டேன். அவளிடம் எதையும் இரண்டு தரம் கேட்டது அதுதான் முதல்.